பல்லியின் வால் அளவோடு நின்ற கதை

அந்தக் காலத்தில், புழு பூச்சிக்குக்கூடப் பேச்சு இருந்தபோது, பல்லிக்கு வால் போனால் போனதுதான். திரும்ப முளைக்காது.

ஓர் இலுப்பை மரப் பொந்தில் வேலாத்தா என்ற பல்லியும் அவள் புருஷன் பொன்னானும் குடியிருந்தார்கள். அவர்களுடைய முட்டைகளைத் தின்ன ஒரு செம்போத்து வந்தது. பொன்னான் அதன் மூக்குக்கு முன்னால் ஓடி வாலை ஆட்டிக் காட்டினான். செம்போத்து வாலைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. முட்டைகள் தப்பின.

அதற்குப் பிறகு பொன்னானுக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. மரத்தில் ஏறுவான், சறுக்கி விழுவான்.

"சும்மா விளையாடினேன் புள்ள" என்று சிரிப்பான்.

ஒருநாள் வேலாத்தா அவனுடைய வால் அறுந்த புண்ணை நக்கிக்கொடுத்தபடி அந்தச் சதையிடமே கேட்டாள்: "முட்டைக்குள்ள இவருக்குத் தலை, காலு, வாலு எல்லாம் கட்டினது நீதானே? அந்த வேலை மறந்தா போச்சு?"

"மறக்கல தாயி" என்றது சதை. "கட்டி முடிஞ்சதும் தூங்குன்னு உத்தரவு. அப்புறம் யாரும் எழுப்பல."

"நான் எழுப்பறேன். வளரு!"

வால் வளர்ந்தது. பொன்னான் உச்சிக்கிளை வரை ஏறிக் குதியாட்டம் போட்டான். ஆனால் வால் நிற்கவில்லை. பழைய அளவைத் தாண்டி, முண்டும் முடிச்சுமாய்ப் பெருத்தது. அவன் தின்ற பூச்சியெல்லாம் வாலுக்கே போய், விலா எலும்பு தெரிய மெலிந்தான்.

"போதும்!" என்று கத்தினாள் வேலாத்தா. வாலின் அடிப்பக்கத்துப் பழைய சதை கேட்டு நின்றது. புதிதாகப் பிறந்த நுனிச்சதையோ, "எங்களுக்கு வளருன்னுதான் சொல்லிக் குடுத்தாங்க. போதும்னா என்ன?" என்றது.

வேறு வழியில்லை.

"ஏனுங்க, கடிச்சு எடுத்துடட்டுங்களா? வலிக்குமுங்க."

"உன் பல்லுதானே, கடி."

அழுதுகொண்டே கடித்தாள். சொன்னதைக் கேட்ட சதையை மட்டும் விட்டுவைத்து, மற்றதையெல்லாம் துண்டித்தாள்.

பிறகு மிச்சமிருந்த சதையிடம் குனிந்து சொன்னாள்: "மறுபடி வளரு சாமி. ஆனா புதுசா யாரு வந்தாலும், பக்கத்துல இருக்கறவன் அவன் காதுல வளருன்னும் சொல்லோணும், போதும்னும் சொல்லோணும். ஒண்ணை மட்டும் சொல்லிட்டு விட்டுடாதீங்க."

இந்தத் தடவை வால் மெதுவாக, சதைகள் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டு வளர்ந்தது. ஓரளவு வந்ததும் தானாக நின்றது. அவன் உடம்பிலும் மெல்லச் சதை பிடித்தது.

"கொஞ்சம் குட்டை. நிறமும் வேற மாதிரி இருக்கே?" என்றான் பொன்னான், திரும்பித் திரும்பிப் பார்த்து.

"ஆளு இருக்கறீங்களே, அதைப் பாருங்க" என்று அவன் முதுகில் தலை சாய்த்தாள்.

அன்று முதல்தான் பல்லிக்கு அறுந்த வால் முளைக்கிறது, சற்றே குட்டையாக, வேறு நிறத்தில், அளவோடு. எந்த உடம்பிலாவது சதைக்குப் போதும் என்ற சொல் கேட்காமல் போனால் அங்கே அது கட்டியாய்ப் பெருத்து நோய் வருவதும் அன்று முதல்தான்.