மதகு திறக்க எத்தனை பொத்தான்?

காட்டோரத்தில் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்கரைக்குக் கீழே ஒரு குட்டை. குட்டையில் மடுவாயி என்ற விரால் மீன் தன் குஞ்சுகளோடு வசித்தது. பக்கத்து வளையில் வரப்பன் என்ற நண்டு குடியிருந்தது.

ஏரியின் மதகைத் திறந்தால்தான் குட்டைக்குத் தண்ணீர் வரும். முன்பெல்லாம் மனிதர்கள் வந்து சக்கரத்தைச் சுற்றி மதகைத் திறப்பார்கள். பிறகு அவர்களுக்குக் கை வலித்ததோ என்னவோ, கரையோரக் கொட்டகையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். திரையில் ‘திற’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை அமுக்கினால் மதகு தானே திறக்கும். கூரையில் வெயிலில் மின்சாரம் தரும் தகடும் பொருத்தினார்கள். எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, மனிதர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கோடையில் குட்டை வற்றத் தொடங்கியது.

“அண்ணே, தண்ணி முட்டிக்கால் அளவுகூட இல்லை!” என்றது மடுவாயி. “நானாவது மூச்சுக்கு மேலே வந்துக்குவேன். குஞ்சுங்க என்ன பண்ணும்?”

வரப்பன் கரையைப் பார்த்தது. ஒரு துளை போட்டால் தண்ணீர் வந்துவிடும். ஆனால் முன்னொரு மழைக்காலத்தில் நண்டு வளை ஒன்று பெரிதாகி, கரையே உடையப் பார்த்தது. அன்றிலிருந்து நண்டுகள் கரைமேல் கொடுக்கு வைப்பதில்லை என்று காட்டுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தன.

“நீ பயப்படாதே தங்கச்சி. நான் கொட்டகைக்குப் போய் மதகைத் திறக்கச் சொல்றேன்!”

ஒரு கழுதைக்கு அது நாற்பது எட்டு வைக்கும் தூரம்தான். நண்டு பக்கவாட்டில் நடந்து கொட்டகைக்குப் போய்ச் சேர அரை நாள் ஆனது.

கொட்டகையில் மதகைத் திறக்க ஏற்கெனவே விலங்குகள் கூடியிருந்தன. திரையில் ‘திற’ பளிச்சென்று மின்னிக்கொண்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த மைனா அதை எல்லோருக்கும் படித்துக் காட்டியும் விட்டது. மேசை இழுப்பறையில் இரண்டு மவுஸ்கள் கிடைத்தன. ஒன்றுக்கு ஒரே பொத்தான். இன்னொன்றுக்கு இரண்டு பொத்தான். கம்ப்யூட்டரில் மவுஸ் மாட்டும் ஓட்டை ஒன்றுதான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பொதியப்பன் என்ற கழுதை ஒற்றைப் பொத்தான் மவுஸின்மேல் தன் குளம்பை வைத்துப் பார்த்தது. அளவெடுத்துச் செய்ததைப்போல அது பொருந்தியது.

“ஆஹா! ஒரு காலுக்கு ஒரு குளம்பு. ஒரு மவுஸுக்கு ஒரு பட்டன். இதுதான் இயற்கை!”

கோரையன் என்ற காட்டுப்பன்றி தன் பிளந்த குளம்பை இன்னொரு மவுஸின்மேல் வைத்தது. ஆளுக்கொரு பொத்தானாக இரண்டு விரலும் அமர்ந்துகொண்டன.

“அடேயப்பா! இதைப் பன்றிக்குன்னே யாரோ செஞ்சிருக்காங்க. இதைத்தான் மாட்டணும்!”

“ரெண்டாவது பட்டன் எதுக்கு?” என்றது கழுதை.

“வேணும்னா இருக்கட்டும்னுதான்!”

“எப்ப வேணும்?”

“வேணுங்கறப்ப வேணும்!”

“ஒரே பட்டன் இருந்தா, எதை அமுக்கறதுன்னு யோசிக்கவே வேண்டாம்!”

“யோசிக்கவே வேண்டாம்னு ஒரு கழுதைதான் பெருமையா சொல்லும்!”

கூட்டம் சிரித்தது. கழுதைக்கு ரோஷம் வந்துவிட்டது. “ரெண்டு பட்டன் செய்யற வேலையை ஒரு பட்டனே செய்யும் தெரியுமா? ஒரு காலால அந்த எழுத்துப் பலகையில ஒரு எழுத்தை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு காலால பட்டனை அமுக்கினா போதும். பாரு!” என்று முன்னங்கால் இரண்டையும் தூக்கி மேசைமேல் வைத்தது. பின்னங்கால் வழுக்கியது. கழுதை மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

“எவ்வளவு சுலபம் பார்த்தீங்களா!” என்றது அடியிலிருந்தே.

வரப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கை உயர்த்தியது. “ஐயா, ஒரு சந்தேகம். ரெண்டுல எதை மாட்டி அமுக்கினாலும் மதகு திறக்கும்தானே?”



“திறக்கும்,” என்றது கழுதை.

“திறக்கத்தான் திறக்கும்,” என்றது பன்றி. “ஆனா எப்படித் திறக்குதுன்னு ஒண்ணு இருக்கில்ல?”

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போயின.

மறுநாளே இரண்டு சங்கங்கள் முளைத்துவிட்டன. ஒற்றைப் பொத்தான் சங்கத்தில் கழுதைகள் சேர்ந்தன. இரட்டைப் பொத்தான் சங்கத்தில் மானும் காட்டெருமையும் வெள்ளாடும் சேர்ந்தன. தாவுலிங்கம் என்ற குரங்கு தன் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டி, “அஞ்சு பட்டனுக்குக் குறைஞ்சா என் இனத்துக்கே அவமானம்!” என்று தனிச் சங்கம் கண்டது. மரவட்டை ஒன்று எழுந்து தன் கால்களை எண்ணத் தொடங்கியது. அது எண்ணி முடிப்பதற்குள் கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்து, திரும்பவும் கூடிவிட்டது.

அப்போது ஒரு சாரைப்பாம்பு மெதுவாகத் தலையை நீட்டியது.

“எனக்குக் காலே இல்லைங்க. அந்தத் திரையையே நேரா நாக்கால தொட்டுப் பார்க்கட்டுமா? ஒருவேளை அதுவே...”

“பட்டனே வேண்டாமா? துரோகி!” என்று மூன்று சங்கமும் சேர்ந்து அதை வாலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டன.

வரப்பன் குட்டைக்குத் திரும்பியது. மடுவாயி சேற்றிலிருந்து எட்டிப் பார்த்தது.

“திறந்துட்டாங்களா அண்ணே?”

“பேசிட்டிருக்காங்க.”

“என்ன பேசறாங்க?”

சொல்ல வரப்பனுக்கு வெட்கமாக இருந்தது. “கால் விரலைப் பத்திப் பேசறாங்க,” என்றது.

 மடுவாயியின் பக்கத்தில் மூன்று குஞ்சுகள் அசையாமல் மிதந்தன. மற்றவை தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின.  வரப்பன் வந்த வழியே மறுபடியும் அரை நாள் நடந்தது.

“மூணு குஞ்சு செத்துப் போச்சுங்க!” என்று கொட்டகை வாசலிலேயே கத்தியது. “இன்னிக்கு அமுக்கலைன்னா மிச்சமும் போயிடும்!”

எல்லோரும் உண்மையாகவே வருந்தினார்கள். கழுதையின் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. “இறந்த குஞ்சுகளுக்காக எல்லாரும் ஒரு காலைத் தூக்கி, ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்!” என்றது.

“ஏன் ஒரு கால்? ரெண்டு காலைத் தூக்கணும்!” என்றது பன்றி.

“அஞ்சாவது காலுக்கு என்ன பதில்?” என்றது குரங்கு, வாலையும் கணக்கில் சேர்த்து.

கைகலப்பு மூண்டது. மைனா பறந்துபோய் உத்தரத்தில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு மவுஸ்களும் கூட்டத்தின் காலடியில் அங்குமிங்கும் உருண்டன. மேசைமேல் ‘திற’ என்ற கட்டம் யாராவது தன்னைத் தொடுவார்களா என்று மின்னிக்கொண்டே இருந்தது.

வரப்பன் அரை நிமிடம் பார்த்தது. பிறகு வெளியே நடந்தது. அந்த நடையில் மட்டும் அது அரை நாள் எடுத்துக்கொள்ளவில்லை. ஓடினால் நண்டும் வேகமாகத்தான் ஓடும்.

நேராகக் கரைக்குப் போய்க் கொடுக்கை ஓங்கியது.

“அண்ணே, வேண்டாம்! சத்தியம் பண்ணியிருக்கீங்களே!” என்று மடுவாயி பதறியது.

“சத்தியம் பண்ணது கரையைக் காப்பாத்தத்தான் தங்கச்சி. நான் சின்னதா ஒரு துளை போடறேன். குட்டை நிறையற வரைக்கும் வாசல்லயே உட்கார்ந்து காவல் இருக்கேன். நிறைஞ்சதும் நானே சேத்தை வெச்சு அடைச்சிடறேன். திறக்கத் தெரிஞ்சவனுக்கு மூடவும் தெரியணும்ல?”

தோண்டியது. ஓடு தேயத் தேயத் தோண்டியது. வெயில் சாய்வதற்குள் கரையின் அடியில் ஈரம் கசிந்தது. பிறகு நூல்போல ஒரு நீர் இறங்கியது. நூல் கயிறானது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தாயின் வயிற்றை விட்டு நகர்ந்து, அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள் தலையை நீட்டின. மடுவாயி அழுதது. தண்ணீருக்குள் அழுததால் அது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் குட்டை நிறைந்திருந்தது. வரப்பன் துளையைச் சேறு வைத்து அடைத்து, இரண்டு தடவை இடித்தும் பார்த்துவிட்டது.

தண்ணீர் குடிக்க வந்த மான் ஒன்று இதைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடியது. “தண்ணி வந்துடுச்சு! குட்டை ரொம்பிடுச்சு!”

“நான் சொல்லல? ஒரு பட்டனோட மகிமை!” என்று கழுதை துள்ளியது.

“போய்யா! ரெண்டு பட்டன் இல்லாம மதகு திறக்குமா?” என்று பன்றி உறுமியது.

இரண்டு மவுஸ்களும் மேசைக்கு அடியில் வாலை நீட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றைக்கூட யாரும் மாட்டியிருக்கவில்லை. மைனா இதை உத்தரத்திலிருந்து நான்கு முறை சொன்னது. ஐந்தாவது முறை சொன்ன பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

எல்லோரும் குட்டைக்கு ஓடினார்கள். வரப்பன் தன் வளை வாசலில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. குட்டையில் குஞ்சுகள் கூட்டமாக ஓடி விளையாடின. அந்தக் கூட்டத்தில் மூன்று குறைந்தது மடுவாயிக்கு மட்டும் தெரிந்தது.

“நீயா தண்ணி கொண்டுவந்தே?” என்றது கழுதை.

“ஆமாங்க. கரையைத் தோண்டினேன். அடைச்சும் வெச்சுட்டேன். தப்புன்னா தண்டனை குடுங்க.”

கழுதையும் பன்றியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.  வெட்கப்படுகிறார்கள்போல என்று வரப்பன் நினைத்தது. மடுவாயியும் அப்படித்தான் நினைத்தது.

கழுதை தொண்டையைச் செருமிக்கொண்டது.

“அதெல்லாம் இருக்கட்டும். எந்தக் கொடுக்கால தோண்டினே? ஒரு கொடுக்காலயா, ரெண்டு கொடுக்காலயா?”

“இதுல கேள்வி என்ன? நண்டுக்கு ரெண்டு கொடுக்கு! நம்ம சங்கம்!” என்று பன்றி குதித்தது.

“கண்ணைத் திறந்து பாரு! அதுல ஒண்ணுதானே பெரிசு! அப்ப எங்க சங்கம்!”

“சின்னது சும்மாவா இருந்துச்சு?”

“எட்டுக் காலை ஏன்யா யாருமே சேர்த்துக்க மாட்டேங்கறீங்க?” என்று பின்னாலிருந்து குரங்கு கேட்டது.

 வரப்பன் பக்கவாட்டில் நடந்து வளைக்குள் போனது. உள்ளேயிருந்து ஒரு பெரிய கொடுக்கும் ஒரு சின்னக் கொடுக்கும் மாறி மாறி வந்து, வாசலைச் சேற்றால் நன்றாக அடைத்துவிட்டுப் போயின.

செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டுக் கருவிக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு, வேலையை வேறொருவர் முடித்துக் கொடுத்த பிறகும் சண்டைதான் மிஞ்சும்.