பிந்தி விதைத்த சோளத்தை ஈ தேடி வருவது ஏன்

மாடும் ஈயும் மனிதரோடு வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வானம் பார்த்த பூமியில் சோளம்தான் எல்லாருக்கும் உயிர். மணியை இடித்துச் சோறாக்கினால் மனிதன் வயிறு நிறையும். தட்டையை அறுத்துப் போர் போட்டால் மாட்டின் வயிறு நிறையும். அந்த நாளில் சோளத்துக்குப் பூச்சி என்று ஒன்று கிடையாது. அவரவர் நினைத்த மழைக்கு விதைத்தார்கள். போட்டது முளைத்தது, முளைத்தது கதிர் வாங்கியது.

அங்கே செங்கோடன் என்று ஒருவன் இருந்தான். அவனுடைய அப்பன் சாகும்போது காட்டை இரண்டாகப் பிரித்தான். கரிசல் பாதியை மகளைக் கட்டிய காளியப்பனுக்குக் கொடுத்தான். சுண்ணாம்புக்கல் கிடக்கிற செம்மண் பாதியைப் பெற்ற மகனுக்குக் கொடுத்தான். கடைசிக் காலத்தில் மகள்தான் கஞ்சி ஊற்றினாளாம், அதனால். கஞ்சி ஊற்றினதற்குக் கரிசல் காடு! செங்கோடன் அதை மறக்கவில்லை. மறக்கக்கூடிய விஷயமும் அல்ல அது.

இரண்டு காட்டுக்கும் நடுவே ஒரு கிளுவை வேலி. செங்கோடன் காலையில் எழுந்தால் முகம் கழுவுவதற்கு முன்னால் வேலியோரம் போய் நின்று அந்தப் பக்கம் பார்ப்பான். அங்கே சோளம் ஆளை மறைத்து நிற்கும். இங்கே இடுப்புக்கு நிற்கும். பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

அவனிடம் ஒரு மயிலைக் காளை இருந்தது. அந்தக் காலத்தில் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு கிடையாது. பிடித்த வீட்டில் இருக்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். அது இருந்தால்தான் ஏர், ஏர் இருந்தால்தான் விதைப்பு. அந்தக் காளை ஒருநாள் வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, காளியப்பன் காட்டுத் தட்டையைக் கடித்துக்கொண்டிருந்ததைச் செங்கோடன் பார்த்துவிட்டான்.

"அங்கென்ன வாயை நீட்டறே?"

"உன்ற மாப்பிள்ளை காட்டுத் தட்டை கரும்பாட்ட இனிக்குது செங்கோடா. உன்னுது வெறும் விளக்குமாத்துக் குச்சி."

"என்ற கையில தின்னுட்டு அவனையா புகழறே?"

"தின்னாத்தானே? வர்ற அறுப்புக்கும் இதே குச்சியைப் போட்டீன்னா நான் அந்தப் பக்கம் போயிருவேன். இப்பவே சொல்லிப்போட்டேன், அப்பறம் அழுவாதே."

காளை போனால் பட்டினிதான். பட்டினியைக்கூடச் செங்கோடன் பொறுத்துக்கொள்வான். அது காளியப்பன் தொழுவத்தில் போய் நிற்குமே, அதை எப்படிப் பொறுப்பது? அவன் மனைவி நாச்சாயி, "எருவடிச்சு ஆழமா உழுதா நம்ம மண்ணும் குடுக்குமுங்க" என்றாள். அவன் காதில் அது ஏறவில்லை. என் பயிர் உயர வேண்டியதில்லை, அவன் பயிர் போனால் போதும், காளைக்குப் போக இடம் இருக்காது என்று கணக்குப் போட்டான்.

அப்போது எருக்குழி ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன ஈ உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. என்னவென்று கேட்டான்.

"முட்டை வெக்க இடமில்லீங்கண்ணா. எங்க வெச்சாலும் கோழி கிளறிப் போடுது."

செங்கோடன் அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு குனிந்து, இதுவரைக்கும் எந்த மனிதனும் எந்தப் பூச்சிக்கும் சொல்லாததைச் சொன்னான்.

"சோளம் முளைச்சு நாலு இலை விட்டதும், இலைக்கு அடிப்பக்கம் முட்டையை ஒட்டி வெய்யி. மேல இருந்து பார்க்கறவனுக்குத் தெரியாது. புழு பொரிஞ்சு நடுக்குருத்துக்கு இறங்கட்டும். பாலாட்டம் இருக்கும். ஆனா அந்தக் கரிசக் காட்டுலதான் வெக்கோணும்."

"எம்புள்ளைக பெருசானா எங்கண்ணா போகும்?"

"அது உன்ற பாடு."

மழை பெய்தது. ஊரே விதைத்தது. காளியப்பனும் விதைத்தான். செங்கோடன் மட்டும் விதைக்கவில்லை. கையில் வேலை இருந்தால் வேடிக்கை பார்க்க முடியாதல்லவா?

"ஊரே விதைச்சாச்சு. நீங்க வேலியில நின்னு என்ன, கோயிலா கட்டறீங்க?" என்றாள் நாச்சாயி.

"பொறு. அவன் பயிர் எப்படி வருதுன்னு பார்த்துட்டு அடுத்த மழைக்குப் போடலாம்."

சில நாளில் காளியப்பன் வேலியோரம் வந்தான். கையில் நாலைந்து வாடிய நாற்று.

"மச்சான், இதென்ன சங்கதின்னே தெரியல. சுத்தியும் பச்சையா இருக்குது, நடுக்குருத்து மட்டும் காஞ்சு போச்சு. இழுத்தா கையோட வருது. நாத்தம் வேற."

"அட பாவமே. மழை பத்தாம இருக்கும் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன செங்கோடன், அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கித் தின்றான்.

ஆனால் ஈ ஒன்றுதான். காடோ பெரிது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செத்த நாற்றைக் காளியப்பன் பிடுங்கிக் குழியில் புதைத்தான். மிச்சம் தளதளவென்று ஏறியது. அதற்குள் பொரிந்த புழுக்களில் பல ஈயாகிப் பறந்துவிட்டன. ஈக்கள் முட்டை வைத்தன, அவையும் ஈயாயின.

அடுத்த மழைக்குச் செங்கோடன் விதைத்தான். நாற்று நாலு இலை விட்டது. வழக்கம்போல் வேலிக்குப் போனவன், தன் காட்டுக்கு மேலே புகை போல ஏதோ ஆடுவதைக் கண்டு ஓடி வந்தான். புகை அல்ல. ஈக்கள். முன்னால் அந்தப் பழைய ஈ.

"ஏ, இது என்ற காடு! உனக்குச் சொல்லிக்குடுத்தவனே நான்தான்!"

"அதை மறப்பமாண்ணா? உங்க பேரைச் சொல்லித்தான் புள்ளைகளை வளர்த்தேன்."

"அப்பறம் ஏன் இங்க வந்தே? அங்க போ. அவன் காடு பெருசு."

"போய்ப் பார்த்துட்டுத்தாண்ணா வந்தோம். அது முத்திப்போச்சு. ஊர்ல எல்லாக் காடும் முத்திப்போச்சு. இந்த நாட்டுலயே பால் மாறாத குருத்து உங்க காட்டுலதான் இருக்குது. எங்களுக்காகவே பொறுத்திருந்து விதைச்சீங்களாக்கும்னு புள்ளைக சொல்லுது."

செங்கோடன் துண்டை வீசி விரட்டினான். ஈ எழும்பும், உட்காரும். சில நாளில் காடெல்லாம் குருத்துக் காய்ந்தது. எந்த நாற்றை இழுத்தாலும் நடு இலை அழுகிக் கையோடு வந்தது. அடியில் பக்கவாட்டில் புதிதாக வெடித்த கிளைத்தூரையும் ஈக்கள் விடவில்லை.

அறுப்புக் காலத்தில் காளை வந்து நின்றது. "இந்த வருசம் குச்சியும் இல்லையா?" என்று கேட்டது. பதிலுக்குக் காத்திருக்காமல் வேலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று.

சாயங்காலம் காளியப்பன் ஒரு மூட்டைச் சோளம் சுமந்து வந்தான். "மச்சான், வெச்சுக்குங்க. நீங்க வேற நாங்க வேறயா?"

"வேண்டாம்" என்றான் செங்கோடன்.

நாச்சாயி வாங்கி வைத்தாள். இடித்துச் சோறாக்கிப் போட்டாள். செங்கோடன் ஒரு வாய் வைத்தான். சோறு இனிப்பாக இருந்தது. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தவன், அவன் காடு மட்டும் ஏன் இப்படிப் போயிற்று என்று ஊர் கூடிக் கேட்டபோது, ஈக்குச் சொல்லிக்கொடுத்தது முதல் எல்லாவற்றையும் கத்திச் சொல்லிவிட்டான்.

அந்த வருசம் தொட்டுத்தான், அக்கம்பக்கத்தில் பேச்சு இல்லாதவர்கள்கூட முதல் மழைக்கே எல்லாருமாகச் சேர்ந்து சோளம் விதைக்கிறார்கள். குருத்து காய்ந்த நாற்றைக் கண்டால் அப்போதே பிடுங்கிப் புதைக்கிறார்கள். அப்படியும் எவனாவது அடுத்தவன் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்று பிந்தி விதைத்தால், ஈ கூட்டத்தோடு அங்கே வந்து இறங்கிவிடுகிறது. பிந்தி முளைத்த சோளத்தை எங்கே கண்டாலும், அது செங்கோடண்ணன் தனக்கென்று விதைத்த காடு என்றுதான் இன்றைக்கும் அது நினைத்துக்கொள்கிறது.