ஸ்பானிஷ் மாஸ்டர் உட்கார்ந்த கதை

திருப்பூரில் ஸ்பானிஷ் இலக்கணம் என்றால் நான்தான். பனியன் கம்பெனி ஆட்கள் எல்லாரும் என்னிடம்தான் படித்தார்கள், என் கீழே வேலைக்குத் தெய்வானை வந்து சேரும்வரை. அவள் வினைச்சொல் அட்டவணையைத் தொடவே மாட்டாள். "தண்ணி குடு", "கதவைத் திற" என்று வீட்டில் பேசுகிற வாக்கியங்களையே ஸ்பானிஷில் சொல்லிக்கொடுத்தாள். என் வகுப்பு காலி. அவள் வகுப்பில் ஒரே சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டேன். "புத்தகம் கிடையாது, போர்டு கிடையாது, தமிழில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒரு மணி நேரத்தில் புது ஆள் ஒருத்தரை ஸ்பானிஷ் பேச வை. முடியாவிட்டால் வகுப்பை இழுத்து மூடு."

"சரிங்க சார். ஆளை நீங்களே கூட்டிட்டு வாங்க" என்றாள்.

விடுவேனா? என் மனைவி சிவகாமியைக் கூட்டி வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிக்கொடுத்தும் ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறாதவள்.

தெய்வானை கதவைத் திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஸ்பானிஷில் ஒரு வாக்கியம். சிவகாமியும் கூடவே செய்தாள், கூடவே சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "இதில் இலக்கணம் எங்கே?" என்று கத்தினேன்.

சிவகாமி திரும்பி, "சியென்தாத்தே!" என்று ஒரு அதட்டல் போட்டாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தெய்வானை கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரம் முடிந்த பிறகுதான் தமிழில் வாய் திறந்தாள்.

"சாருக்கே புரிஞ்சிருச்சுங்களே!"

இப்போது சிவகாமியும் அவள் வகுப்பில்தான். அதுவும் முதல் பெஞ்சில்.