பட்டை எவ்வளவு?

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. சீடரின் கழுத்துக் கயிற்றில் ஒரு விசிலும் ஒரு சாவியும் தொங்கின.

பாளையங்கோட்டையில் ஹெப்சிபாவின் பேக்கரியில் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பை ஆள்கிறவருக்கு அங்கே அதுதான் பெயர். டிசம்பர் பதினாறாம் தேதி மத்தியானம், ரொட்டி வேலை முடிந்து அடுப்பு தணிந்த நேரத்தில், வேதமாணிக்கம் சார் வந்து கதவோரம் நின்றார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில், பிரேயருக்குப் பிந்தி வந்ததற்காக இதே ஹெப்சிபாவை மைதானத்தை ஆறு சுற்று ஓட விட்டவர்.

"ஒரு பிஸ்கட்டு செய்யக் கத்துக்குடுக்கணும்," என்றார். "பட்டை போட்ட பிஸ்கட்டு. சீனி கூடாது, மைதா கூடாது. எட்டு நாள்தான் இருக்கு."

"யாருக்கு சார்?"

"எம் வீட்டம்மாவுக்கு."

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அக்டோபரில் அவர் மனைவி நவமணிக்குச் சர்க்கரை நானூறைத் தாண்டி, நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். அன்றிலிருந்து சமையல் அவர் கைக்கு வந்தது. வெளியே கிளம்பினால் அடுப்படியைப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவார். கள்ளனுக்குப் பயந்து அல்ல, நவமணிக்குப் பயந்து.

முப்பத்தெட்டு வருஷமாக டிசம்பர் இருபத்திமூன்றாம் தேதி சாயங்காலம், கோயில் பாட்டுக்காரர்கள் வீடு வீடாக கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வரும்போது, சார் வீட்டு வாசலில் நவமணியின் பட்டை பிஸ்கட்தான். அதற்காகவே அந்தத் தெருவில் ஒரு பாட்டு கூடுதலாகப் பாடுவார்கள். போன வாரம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "இந்த வருஷம் பாட்டு வரும்போது விளக்க அணைச்சிட்டுப் படுத்துக்கிடுவோம்."

வேதமாணிக்கம் பயந்துபோனார். மெஷினில் நானூறைப் பார்த்தபோதுகூட அவர் இவ்வளவு பயப்படவில்லை.

ஹெப்சிபா அவர் கழுத்தைப் பார்த்தாள்.

"விசில் தெரியும். அது என்ன சாவி சார்?"

"அடுப்படிச் சாவி."

அவள் குழாயைக் காட்டினாள்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க," என்றாள்.

கழுவிவிட்டு வந்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவரும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார். ஒழுங்கு என்று வந்துவிட்டால் அவர் வயசு பார்க்கிறவர் இல்லை.

மைதாவுக்குப் பதில் பாதாம் பொடி. சீனிக்குப் பதில் டாக்டர் சரி என்று சொன்ன வெள்ளைத் தூள். வெண்ணெய், முட்டை, சிட்டிகை உப்பு. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

"பட்டை எவ்வளவு மாஸ்டர்?"

"அது கடைசியில."

முதல் நாள் தட்டு வெளியே வந்தது. பிஸ்கட்டுகள் நல்ல நிறம். சார் ஒன்றைத் தூக்கினார், உடைந்தது. இன்னொன்றைத் தூக்கினார், அதுவும் உடைந்தது. ஒன்றாவது தேறாதா என்று பன்னிரண்டையும் தூக்கிப் பார்த்தார். தட்டு முழுக்கத் தூளாகக் கிடந்தது.

மறுநாள் கூடுதலாகப் பத்து நிமிஷம் வேக விட்டார். கரிந்து கசந்தது. அதற்கு மறுநாள் ஒரு முட்டையைக் கூடப் போட்டார். ஆம்லெட் வாடை அடித்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஆனால் மனுஷன் அசரவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தார், சொல்லாமலே கையைக் கழுவினார்.

"பட்டை எவ்வளவு மாஸ்டர்?"

"அது கடைசியில சார்."

நாலாம் நாள் பிஸ்கட் விறைப்பாக வந்தது. தூக்கினால் உடையவில்லை. தட்டினால் டக்கென்று சத்தம் வந்தது. ஹெப்சிபா ஒன்றை ஒடித்து வாயில் போட்டு மென்றாள். மீதியைக் காகிதத்தில் பொதிந்து நூல் சுற்றி அவர் கையில் வைத்தாள்.

"நல்லாருக்கு. கொண்டு போயி அம்மாட்டக் குடுங்க."

சார் பொட்டலத்தோடு நடந்தார். வாசற்படி வரை போனார். அதற்கு மேல் கால் வரவில்லை. திரும்பி வந்து பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"மாஸ்டர், நீங்க அந்தப் பக்கம் போனப்ப ரெண்டு கை மைதா அள்ளிப் போட்டுட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா குடுத்து விட்டீங்க?"

"வாசல் வரைக்கும்தான போனீங்க," என்றாள் ஹெப்சிபா.

அவருக்குக் காது மடல் சிவந்தது. இப்படித் திருட்டுத்தனம் பண்ணிய பையன்களை அவர் எத்தனை பேரை முட்டி போட வைத்திருக்கிறார்! அன்று அவரே பாத்திரம் எல்லாம் கழுவி, தரையையும் துடைத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள், தட்டு வெளியே வந்ததும் சாரின் கை தானாக நீண்டது. ஹெப்சிபா ஒரு சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்ப டீ ஊற்றி அவருடைய இரண்டு கையிலும் பிடிக்கக் கொடுத்தாள்.

"இத வச்சிட்டு நான் எப்படி மாஸ்டர் பிஸ்கட்ட எடுக்க?"

"எடுக்காதீங்க."

"வெந்துட்டுதா இல்லையான்னு..."

"ஆக்கப் பொறுத்தவுகளுக்கு ஆறப் பொறுக்காதா சார்?"

டம்ளரைக் கீழே வைத்தால் அவள் முறைத்தாள். பிடித்தால் சுட்டது. ஊதி ஊதி, மாற்றி மாற்றிப் பிடித்து, கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்தார். முழுசாக வந்தது. கடித்தால் பொரபொரவென்று வாயில் கரைந்தது. அவர் உடனே விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். ரொட்டி வாங்க வந்த ஆட்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பட்டை எவ்வளவு மாஸ்டர்? இப்பவாவது சொல்லுங்க."

"நாளைக்கு ஒரு நாள் இப்படியே செஞ்சு கை பழகட்டும் சார்."

கை பழகியது. ஆனால் அவருக்குப் பொறுக்கவில்லை. ஏழாம் நாள் தானே இரண்டு கரண்டி பட்டைத் தூளைப் போட்டுப் பிசைந்து சுட்டார். சாயங்காலம் ஆறு பிஸ்கட்டை ஒரு தட்டில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை வாசற்படியில் கால் நிற்கவில்லை.

நவமணி கட்டிலில் இருந்தாள். சார் தட்டை நீட்டினார். மற்றக் கையில் சர்க்கரை பார்க்கிற மெஷின்.

"சாப்பிடுறதுக்கு முன்னால ஒரு தடவ குத்திப் பாத்துக்கிடுவோம். ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ. ஒண்ணே ஒண்ணுதான், என்ன?"

அவள் விரலை நீட்டினாள். குத்தினார். நோட்டில் எழுதினார். அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நவமணி தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"மருந்த மேசமேல வச்சிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருபத்திமூன்றாம் தேதி காலை பேக்கரி திறக்கும் முன்பே சார் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தின்னல மாஸ்டர். தொடக்கூட இல்ல. மருந்துன்னு சொல்லிட்டா."

ஹெப்சிபா கதவைத் திறந்தாள்.

"நான் விட மாட்டேன்," என்றார் சார். "இன்னைக்குச் சாயந்தரம் பாட்டு வந்துரும். பாதாம் சரி, வெண்ணெய் சரி, ஆற வச்சதும் சரி. பட்டையிலதான் எங்கயோ தப்பு. மூணு கரண்டியா? நாலா? எட்டு நாளா கேக்கேன். இன்னைக்குச் சொல்லாம நான் இங்கருந்து நகர மாட்டேன்."

ஹெப்சிபா தராசை எடுத்து வைத்தாள். பாதாம் பொடி, வெண்ணெய், முட்டை என்று வரிசையாக எடுத்துக் கொடுத்தாள். அவர் பிசைந்தார். இன்னும் பாதாம் பொடி கொடுத்தாள். இன்னும் பிசைந்தார். பெரிய சட்டி நிறைந்துவிட்டது.

"ஒரு ஆளுக்கு எதுக்கு மாஸ்டர் இவ்வளவு மாவு?"

"பாட்டுப் பாட நாப்பது பேர் வருவாங்கல்லா?"

"அவங்களுக்கும் இதுவேவா?"

"பின்ன, அவங்களுக்கு ஒரு அடுப்பு, அம்மாவுக்கு ஒரு அடுப்பா சார்?"

ஹெப்சிபா சட்டியை ஈரத்துணியால் மூடினாள். சுருள் சுருளாக ஒரு பிடி பட்டையை, பொடிக்காமல், காகிதத்தில் மடித்து மேலே வைத்தாள்.

"வீட்ல ஓவன் இருக்குல்லா? கொண்டு போங்க."

"பட்டை எவ்வளவுன்னு நீங்க இன்னும் சொல்லல."

"எனக்குத் தெரியாது சார்."

அவருக்குச் சட்டி கைநழுவப் பார்த்தது.

"தெரியாதா? நீங்க மாஸ்டர்!"

"சின்னப்பிள்ளையில பாட்டுக் கூட்டத்தோட வந்து, உங்க வாசல்ல நின்னு அந்தப் பிஸ்கட்டத் தின்னவதான் நானும். இருபது வருஷமா செஞ்சு பாக்குதேன், அந்த மணம் வரல. தெரிஞ்ச ஆளு ஒருத்தங்கதான் ஊருல இருக்காங்க." அவள் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தாள். "நீங்க எட்டு நாளா என்னையக் கேட்டீங்க."

சார் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். போகிற வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார். அக்டோபரிலிருந்து அவர் நவமணியிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். தின்னாதே, எழுந்திரு, நட, விரலை நீட்டு. ஒன்றையாவது கேட்டிருக்கிறாரா என்று யோசித்தால் ஒன்றும் அகப்படவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையிலும் சட்டி இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

வீட்டில் நவமணி சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். மேசைமேல் நேற்றைய ஆறு பிஸ்கட்டும் அப்படியே இருந்தன. மெஷின் அவர் சட்டைப்பையில் கிடந்தது, அவர் அதை எடுக்கவில்லை.

"நவமணி."

அவள் திரும்பவில்லை.

"மாவு பிசைஞ்சாச்சு. பாட்டுக்காரங்களுக்கும் நமக்கும் ஒரே மாவுதான். பட்டை எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. ஹெப்சிபாவுக்கும் தெரியல." சட்டியைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். "எவ்வளவு போடணும்?"

தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

நவமணி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். துணியை விலக்கி மாவை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒரு பட்டைச் சுருளை எடுத்து ஒடித்து மூக்கருகில் வைத்தாள். மேசைமேல் கிடந்த பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தாள்.

"இதுல ரெண்டு கரண்டி போட்டீங்களாக்கும்?"

"ஆமா."

"அளந்தா?"

"அளந்துதான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். பிறகு அவருக்கு முன்னால் கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க. அவர் பழக்கதோஷத்தில் விரலைத் தேடினார். அப்புறம்தான் புரிந்தது. கழுத்துக் கயிற்றைக் கழற்றி, விசிலோடு சாவியை அந்தக் கையில் வைத்தார்.

அடுப்படிப் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. சார் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆவலாகப் பின்னாலேயே போனார்.

நவமணி வாசலை மறித்து நின்றாள்.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க," என்றாள்.