படம் பார்க்காத பக்கம்

காலை பத்தேகால். கையில் இருந்தது ஒரே ஒரு புகைப்படம். இறந்தவர் பெயர் முத்துராசு, வயது இருபத்தாறு.

காவல் நிலையக் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்றது காவல்துறை. வீட்டாரிடம் கொடுக்காமல் உடலை அன்றே எரித்துவிட்டார்கள். பிணவறை வாசலில் நின்று மைத்துனர் எடுத்த படத்தில் முகத்தின் வலப்பக்கம் மட்டும் தெரிந்தது. நெற்றிப்பொட்டில் ஒரு காயம்.

கம்ப்யூட்டரில் முப்பரிமாணத் தலை ஒன்றைச் செய்து, அதன் மேல் இந்தப் படத்தைப் பாய்ச்சி, குடும்பத்தின் வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். செய்தவர் தெய்வேந்திரன். பத்திரிகையில் இருபது வருடம் படமெடுத்துவிட்டு, ஐம்பத்தொரு வயதில் இந்த வேலை கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு வயது முப்பது.

மெஹருன்னிசா திரையில் தலையைத் திருப்பினார். இடப்பக்கமும் அதே காயம்.

"அண்ணே, இது எங்கேருந்து வந்துச்சு?"

"தானா விழுந்துச்சு டீச்சர்."

"இந்தப் பக்கத்தோட நில்லுன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்லலேன்னா படம் தலைக்குள்ள புகுந்து அந்தப் பக்கமும் விழும். முதல் நாளே சொன்னேன்ல?"

"தெரியும். பார்த்துட்டுத்தான் விட்டேன். வக்கீலுக்கும் திருப்தி. வழுக்கி விழுந்தவனுக்கு ரெண்டு பக்கமுமா அடிபடும்?"

மெஹருன்னிசா தலையை மறுபடி வலப்பக்கம் திருப்பினார்.

"அடிச்சுத்தான் கொன்னாங்க. ஊருக்கே தெரியும். கூட ஒரு காயம் இருந்துட்டுப் போகட்டுமே, டீச்சர். என்ன தப்பு?"

பயிற்சிக்காகத் தெய்வேந்திரனின் தலையையே அளவெடுத்துக் கம்ப்யூட்டரில் செய்த மாதிரித் தலை ஒன்று இருந்தது. மெஹருன்னிசா அதை எடுத்துத் திரையில் முத்துராசுவின் தலை இருந்த இடத்தில் வைத்தார். வலது நெற்றிப்பொட்டில் காயம். திருப்பினார். இடதிலும் காயம்.

"உங்களை யாருண்ணே அடிச்சது?"

தெய்வேந்திரன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு முத்துராசுவின் தலையைத் திரும்ப வைத்து, இடப்பக்கத்தை வெறும் சாம்பல் நிறமாக்கினார் மெஹருன்னிசா.

மதியம் முத்துராசுவின் தாய் பேச்சியம்மாள் வந்தார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்தப் பக்கத்தை ஏம்மா மூடி வச்சிருக்க?"

"மூடலைம்மா. அதை யாரும் படம் எடுக்கலை."

"எரிச்சவன் பார்த்திருப்பான்ல?"

"பார்த்திருப்பான்மா. அவனைத்தான் கேக்கணும்."



2019 நவம்பர் 14 அன்று, வழுக்கி விழுந்ததால் நேர்ந்த மரணம் என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை முடித்தது. எரித்தவர் விசாரிக்கப்படவில்லை.