வாழை மரத்தின் விதவை

ரொம்பக் காலத்துக்கு முன்னே, தாழையூர்ச் சீமையை உக்கிரவழுதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். கோபம் வந்தால் ஊரைக் கொளுத்துவான். சிரிப்பு வந்தால் கொளுத்தின ஊருக்குக் கூரை போட்டுக் கொடுப்பான். ஒருநாள் வேட்டைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து அவனுக்கு ஒற்றைத் தும்மல் வந்தது. போன இடத்தில் குதிரை அவனைக் கள்ளிப் புதரில் தள்ளிவிட்டு வீடு திரும்பிவிட்டது. வைத்தியர் முள் எடுத்து முடிப்பதற்குள் ராஜா தீர்மானித்துவிட்டான்: ஒற்றையாக இருக்கிற எதுவும் நாட்டுக்கு ஆகாது.

அதன்பிறகு அரண்மனையில் ஒருவன் தும்மினால் பக்கத்தில் நிற்கிறவனும் தும்ம வேண்டும். ஒற்றைக் காகம் கரைந்தால் இன்னொன்றைப் பிடித்துவந்து பக்கத்தில் உட்கார்த்தி வைக்க ஆள் போட்டிருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு நின்றிருந்தால் தேவலை. மனிதர்மேலும் பாய்ந்தது சட்டம். கல்யாணமாகாத ஒண்டிக்கட்டைக்குச் சொந்த வீடு கிடையாது. சபையில் அவர் சாட்சி செல்லாது. கிணற்றில் ஊரெல்லாம் இறைத்தபிறகு மிஞ்சினதுதான் அவருக்கு. விலக்கு ஒன்றே ஒன்று. ராஜாவின் தாயார் புருஷனை இழந்தவள். அந்த அம்மாள் போட்ட சத்தத்தில், ‘துணையைச் சாகக்கொடுத்தவர்களை வீட்டைவிட்டு எழுப்பக் கூடாது’ என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது.

அந்த ஊரில் குருவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். தலை நரைக்கத் தொடங்கிய வயசு. “ஏன் கட்டிக்கல?” என்று கேட்டவர்களுக்கெல்லாம், “தோணல” என்று ஒரே பதில். ஆடு வளர்த்துச் சம்பாதித்து, மண்ணைத் தானே மிதித்துச் சுவர் வைத்த வீடு அவளுடையது. கொல்லையில் ஒரு கிணறு. இளநீர் மாதிரித் தண்ணீர். அந்தக் கிணற்றின்மேல் ராஜாவின் படைத்தலைவரான தளவாய் சூரப்பருக்கு வெகுநாளாகக் கண்.

“ஒண்டிக்கட்டைக்கு எதுக்குடி வீடு? போய் உன் தம்பி மாட்டுக்கொட்டில்ல படு” என்றார் தளவாய். வெளியேறத் தவணையும் வைத்துவிட்டுப் போனார்.

குருவம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஈரமண்ணில் பதிந்த அவள் கைவிரல் தடம் இன்னும் அந்தச் சுவரில் இருந்தது. இதை அவள் கட்டினதாகச் சொல்லவும் வாய் கிடையாது. அவள் சாட்சிதான் செல்லாதே! அழுது பார்த்தாள், அலுத்துப்போனது. எழுந்துபோய்க் கொல்லையிலிருந்து ஒரு வாழைக்கன்றைப் பெயர்த்தாள்.

தவணை நாளில் அவள் சபைக்குள் நுழைந்தபோது கழுத்தில் புது மஞ்சள் கயிறு. இடுப்பில் மாலை போட்ட வாழை.

“இதென்ன கோலம்?” என்றான் ராஜா.

“என் வீட்டுக்காரர், மகாராஜா. நேத்துத்தான் முகூர்த்தம். புதுசில்லையா, கூச்சப்படறார்.”

சபை கொல்லென்று சிரித்தது.

“மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?”

“சும்மா நிக்கறதுதான், மகாராஜா. இந்தச் சபையில பாதிப்பேர் பார்க்கிற உத்தியோகம்.”

ராஜா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். சூரப்பருக்குப் பொறுக்கவில்லை. “மகாராஜா, மோசடி! தோஷம் கழிக்க வாழையைக் கட்டிக்கொள்வது நம் நாட்டு வழக்கம்தான். கல்யாணம் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தாலி ஏறின கையோடு மரத்தை வெட்டியாக வேண்டுமே! இவள் வெட்டவில்லை. வெட்டினால் புருஷனும் இல்லை, வீடும் இல்லை!”

“ஐயோ, வேணாம் சாமி!” என்று வாழையைக் கட்டிக்கொண்டாள் குருவம்மாள். அவள் கெஞ்சக் கெஞ்சத் தளவாய்க்கு வேகம் ஏறியது. வாளை உருவி ஒரே வெட்டு. வாழை தரையில் சாய்ந்தது.

குருவம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கயிற்றை அறுத்து ராஜாவின் காலடியில் வைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்:

“கல்யாணம் நடந்ததுன்னு தளவாயே சொல்லிட்டார். என் சாட்சி செல்லாது, அவர் சாட்சி செல்லுமில்ல? என் புருஷனைச் சாகடிச்சதும் அவரே. துணையைச் சாகக்கொடுத்தவளை எழுப்பக் கூடாதுங்கறது உங்க தாயார் வாக்கு. இப்ப நான் எங்க போகணும், மகாராஜா?”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. “வீட்டுக்குப் போ, தாயே! வீடும் உனது, கிணறும் உனது! ஓய் சூரப்பரே, கொன்றவர் நீர்தான். மீசையை மழித்துக்கொண்டு, மாப்பிள்ளையைத் தோளில் சுமந்துபோய்ச் சுடுகாட்டில் கொள்ளி வையும்!”

பச்சை வாழை எங்கே எரியும்? தளவாய் புகையில் இருமியே பாதியாகிப்போனார்.

தீர்ப்பு வந்த பிறகும் குருவம்மாள் சபையைவிட்டு நகரவில்லை. “மகாராஜா, முப்பது வருஷம் அந்த வீட்டில உயிரோட இருந்தேன், உரிமை இல்ல. ஒரு வாழை செத்ததும் வந்துடுச்சு. அந்தச் சட்டத்தை எடுத்துடுங்களேன். என்னை மாதிரி எத்தனையோ பேர் தெருவில நிக்கறாங்க.”

ராஜா கிரீடத்தைத் துடைத்துத் தலையில் வைத்துக்கொண்டான். “சட்டம் சட்டம்தான். உனக்குக் கொடுத்தது நியாயத்துக்கு இல்லை, சிரிக்கவைத்ததற்கு. அவர்களும் வந்து சிரிக்கவைக்கட்டும். ஒன்று மட்டும் சொல்லிவை: பார்த்த கூத்தையே மறுபடி காட்டினால் எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும்.”

 குருவம்மாள் விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

அரண்மனை வாசலில் சேதி அதற்குள் பரவியிருந்தது. தெருக்கோடிவரை ஒண்டிக்கட்டைகள் நின்றார்கள். கிழவர், கிழவி, காது கேளாதவள், யாருக்கும் பிடிக்காதவன், யாரையும் பிடிக்காதவள். ஆளுக்கொரு வாழைக்கன்று. முதலில் நின்றவன் மாடசாமி. நாலு வார்த்தை கோர்வையாகப் பேச வராத அப்பாவி.

“போகாதே, மாடா. திரும்பிடு. இது ஒரு தடவைதான் செல்லும்” என்று அவன் கையைப் பிடித்தாள் குருவம்மாள்.

“அக்கா, ராஜா சிரிச்சாரா?”

“சிரிச்சார்…”

“அப்பறம் என்னக்கா!” என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, வாழையிலையின் தூசியைத் துண்டால் துடைத்துவிட்டு, மாடசாமி படியேறினான்.