அழுங்கு வாயைத் திறந்தது

இந்தக் கதை எனக்கு நேரடியாகக் கிடைத்ததல்ல. பழைய கதைகளையும் புராணங்களையும் இன்றைய நாவல்கள் ஏன் திரும்பத் திரும்ப எடுத்து எழுதுகின்றன என்று வகுப்பில் கேட்டார்கள். கேள்வியைக் குறித்துக்கொண்டேன். பேருந்தில் திரும்பும்போது தோழி பனிமலர், லாரி ஓட்டும் தன் மாமா சொன்னதாக இதைச் சொன்னாள். இடையில் யார் எதைச் சேர்த்தார்களோ தெரியாது. கேட்டபடி எழுதுகிறேன்.

முட்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதில் எல்லா விலங்குகளும் தண்ணீர் குடிக்கலாம், எறும்புத்தின்னி என்கிறோமே, அந்த அழுங்கைத் தவிர.

காரணம் ஒரு கதை. கோடை தொடங்கும் நாளில் எல்லோரும் கரையில் கூடுவார்கள். மயில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லும்:

“முன்னொரு காலத்தில் இந்தக் குளம் நிறைந்து கிடந்தது. அழுங்கு வந்தது. தன் கூரிய பற்களால் கரையைக் கடித்துக் குதறியது! கரை உடைந்தது. தண்ணீர் ஓடியது. நம் முன்னோர் நாக்கு வறண்டு மடிந்தார்கள்!”

“விரட்டு அழுங்கை!” என்று எல்லோரும் கத்துவார்கள். அதோடு கதை முடியும்.

அந்தக் காட்டில் ஒரு தாய் அழுங்கும் அதன் குட்டியும் இருந்தன. தாய்க்கு உடம்பெல்லாம் செதில். யாராவது அதட்டினால் போதும், முகத்தை வயிற்றுக்குள் புதைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும். அதனால் அதன் முகத்தை யாரும் சரியாகப் பார்த்ததே இல்லை. தொலைவில் இருந்த ஓடையில்தான் அது தண்ணீர் குடித்துவந்தது.

அந்த ஆண்டு ஓடை வற்றிவிட்டது. வாலில் தொற்றிக்கொண்டிருந்த குட்டி முதலில் தண்ணீர் கேட்டு அழுதது. பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டது. தாய் பயந்துபோனது.

“இன்று குளத்துக்குப் போகிறேன்,” என்று முள்ளம்பன்றியிடம் சொன்னது.

“உனக்கென்ன பைத்தியமா அக்கா? இன்றைக்குத்தான் கதை சொல்லும் நாள்!”

“அதனால்தான் போகிறேன்.”

பக்கத்துப் புதரில் படுத்திருந்த நரி காதை நிமிர்த்தியது. “போவது என்று ஆகிவிட்டது, நல்ல கதையாகக் கொண்டு போ! உன் பாட்டன் மேகத்தை வாலில் கட்டி இழுத்துவந்து குளத்தை நிரப்பினான் என்று சொல். நான் பக்கத்தில் நின்று ஆமாம் போடுகிறேன். எனக்கு ஒரு கறையான் புற்றை உடைத்துக் கொடுத்தால் போதும்!”

“மேகத்தை வாலில் கட்டினானா? என் குட்டியே நம்பாது, நரியாரே.”

“அப்படியானால் கதையே வேண்டாம்,” என்றது முள்ளம்பன்றி. “ஓடிப்போய் ஒரு வாய் குடித்துவிட்டு ஓடிவந்துவிடு.”

“இன்று ஓடிவந்துவிடலாம். நாளைக்கு? அவர்கள் அந்தக் கதையை விட்டு வெளியே வரமாட்டார்கள். நான்தான் அதற்குள் போகவேண்டும்.”

மாலையில் எல்லோரும் கூடினார்கள். மயில் தொடங்கியது. “முன்னொரு காலத்தில் இந்தக் குளம் நிறைந்து கிடந்தது. அழுங்கு வந்தது…”

“வந்துவிட்டேன்!” என்றபடி அழுங்கு புதரிலிருந்து வெளியே வந்தது.

“விரட்டு! விரட்டு!”

அழுங்கின் முதுகு தானாகவே வளையத் தொடங்கியது. வாலில் குட்டியின் பிடி தளர்ந்திருந்தது. அழுங்கு முன்னங்கால்களை மண்ணில் ஊன்றிக்கொண்டது. சுருளவில்லை.

“மயிலாரே, கதையை நிறுத்தாதீர்கள். இன்று அழுங்கின் பகுதியை நானே சொல்கிறேன். ‘அழுங்கு’ என்று வரும் இடத்தில் ‘நான்’ என்பேன். வேறு ஒரு வார்த்தையையும் மாற்றமாட்டேன். மாற்றினால் விரட்டுங்கள்!”

தன் கதையின் ஒரு வார்த்தையும் மாறாது என்றதும் மயிலுக்குப் பெருமையாகிவிட்டது. “எங்கே, சொல் பார்ப்போம்!”

“நான் வந்தேன். என் கூரிய பற்களால்…”

அங்கே நிறுத்திவிட்டுக் கேட்டது. “எந்தப் பற்களால்? கிட்டே வந்து பாருங்கள்.” தன் சின்ன வாயை முடிந்தவரை திறந்தது.

மயில் கழுத்தை நீட்டியது. ஒரு கண்ணால் பார்த்தது. மறு கண்ணாலும் பார்த்தது.

“என்ன தெரிகிறது?” குரங்கு மரத்திலிருந்து கத்தியது.

“நாக்கு தெரிகிறது. நீளமாக.”

“பல்?”

“பல்லைத்தான்… காணோம்.”

“சரியாகப் பாரும் ஐயா! உமக்குக் கண்ணெல்லாம் தோகையில்தானா?” குரங்கு குதித்து வந்து அழுங்கின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவியது. “அட! பச்சைக் குழந்தையின் வாய் மாதிரி இருக்கிறது!”

கூட்டத்திலிருந்து பெருச்சாளி எழுந்தது. “பல் இல்லாவிட்டால் என்ன? அந்த நகத்தைப் பாருங்கள்! நகத்தால் தோண்டியிருக்கலாமே!”

“இருக்கலாம்,” என்றது அழுங்கு. “நான் அங்கே இல்லை. எனக்குத் தெரியாது. ஆனால் பற்களால் கடித்தது என்று முதலில் சொன்னவர் ஓர் அழுங்கைக் கிட்டே பார்த்ததே இல்லை. அது மட்டும் நிச்சயம்.”



நரி மெல்லச் சிரித்தது. “பல் யாருக்கு இருக்கிறது? கரையிலேயே வளை தோண்டிக் குடியிருப்பது யார்? பெருச்சாளிதானே!”

“அதானே! விரட்டு பெருச்சாளியை!”

பெருச்சாளி ஒளிய இடம் தேடியது. கிடைத்தது அழுங்கின் முதுகுப்புறம்தான்.

“நிறுத்துங்கள்!” அழுங்கு அதட்டியது. அது அதட்டி யாரும் கேட்டதில்லை. “அதையாவது யாராவது பார்த்தீர்களா? பழியை என் கழுத்திலிருந்து கழற்றி இன்னொருவர் கழுத்தில் மாட்டவா நான் இந்தக் கதைக்குள் வந்தேன்?”

“குற்றவாளியே இல்லாமல் எப்படிச் சொல்வது?” மயில் புலம்பியது. “கதையின் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டதே!”

“இருக்கட்டும். தெரியவில்லை என்று சொல்லுங்கள். கேட்பவர்கள் யோசிக்கட்டும்.”

மயில் தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது.

“முன்னொரு காலத்தில் இந்தக் குளம் நிறைந்து கிடந்தது. ஒருநாள் கரை உடைந்தது. யாரால் என்று தெரியவில்லை. நம் முன்னோர் நாக்கு வறண்டு மடிந்தார்கள். பிறகு ஒரு கோடையில் அழுங்கு வந்தது…”

மயிலுக்கு அதற்குமேல் தெரியவில்லை. எல்லோரும் அழுங்கையே பார்த்தார்கள். அது நேராக நீரருகே நடந்தது. குட்டி வாலிலிருந்து இறங்கி, தண்ணீரில் நாக்கை நீட்டியது.

“குடித்தது!” என்று கதையை முடித்துவைத்தது பெருச்சாளி.

முள்ளம்பன்றி மெல்ல முன்னால் வந்தது. “மயிலண்ணே, நான் முள்ளை எடுத்து எறிவேன் என்று ஒரு கதை சொல்வீர்களே, அதில் எனக்கும் ஒரு சந்தேகம்…”

“வரிசையில் வாருங்கள்! வரிசையில்!” என்றது மயில்.

பழைய கதையைத் தூக்கி எறியவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம்; அதில் பேசாமல் நிற்பவரைப் பேசவிட்டால் அது புதிய கதையாகிவிடும்.

பனிமலரின் மாமா சொன்னதை நம்பி எழுத எனக்குத் தயக்கமாக இருந்தது. நூலகத்தில் விலங்குகளைப் பற்றிய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன்: அழுங்குக்குப் பல் கிடையாது, ஒன்றுகூட.